கூரைப் பீலியும் வலைமூடியும்

பீலி என்ற சொல்லைக் கேட்டவுடன் இலக்கியம் பயின்றோர் மனத்தில் மயிற்றோகையே முன்வந்து நிற்கும். ஈழத்து மக்கள் வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களில் ஊற்றுநீரைக் கொண்டுவந்து கொட்டும் குழலுக்குப் பீலி என்பது பெயர். குடம் நிரப்புவதும் குளிப்பதும் பீலியடியிலேயே நிகழும். ஏனைய பகுதிகளில் வாழ்வோர்க்கோ, வீட்டின் இறவாரத்தை ஒட்டி, கூரையிலிருந்து வழியும் மழைநீரை ஏந்திச் செல்லும் நீண்ட தொட்டியே பீலியாகும். அத்தொட்டியின் வாயை வலையாலோ துளையிட்ட தகட்டாலோ மூடிவிடும் வழக்கம் மேலைநாடுகளிலே பெருகி, இன்று இங்கும் ஆங்காங்கே காணப்படுகின்றது. இலை விழாது, பீலி அடைபடாது, ஏணி வைத்து ஏறவேண்டியதில்லை என்பன விற்போர் கூறும் நயங்கள். அக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அறிந்த பின்னர்ப் பணத்தைச் செலவிடுதல் நன்று. ஏனெனில், இலங்கை போன்ற நாட்டில் பீலி அடைபடுவது வீட்டின் அழகைக் கெடுக்கும் சிறு குறை மட்டுமன்று, உயிரோடு தொடர்புடைய விடயமுமாகும்.

பழைய வீடுகள் பீலியின்றியே நின்றன. கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த கூரையிலிருந்து நீர் ஒரே தாரையாக விழுவதில்லை. ஓலை நுனிதோறும் சொட்டுச் சொட்டாக உதிரும். இறவாரமும் சுவரிலிருந்து நன்கு நீட்டப்பட்டிருக்கும். நாற்சார் வீடுகளில் நாற்புறக் கூரைநீரும் நடுமுற்றத்தில் விழுந்து வாய்க்கால் வழியே வெளியேறும். இரு கூரைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் பனைமரத்தைப் பிளந்து, குடைந்து, பீலியாக வைப்பதுண்டு. ஓடும் தகரமும் வந்து, காணிகள் துண்டுபட்டு, அயல்வீட்டு மதில் இறவாரத்தின் கீழேயே எழுந்தபோதுதான் பீலி இன்றியமையாததாயிற்று. ஒருவர் கூரைநீர் மற்றொருவர் காணியில் விழுவதால் எழுந்த பிணக்குகள் ஊர்தோறும் உண்டு. மழைநீரைத் தொட்டியிற் சேமிக்கும் எண்ணம் பரவியபோது பீலிக்கு மற்றொரு வேலையும் சேர்ந்தது.

பீலி ஏந்தவேண்டிய நீரின் அளவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். கூரையின் ஒரு பக்கச் சரிவு 50 சதுர மீற்றர் நிலத்தை மூடுகின்றது என்று கொள்ளலாம். இடியுடன் கூடிய பெருமழை, மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் கால் மணிநேரம் கொட்டுவது இந்நாட்டில் அரிதன்று. அவ்வேளையில் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நிமிடத்துக்கு 83 லீற்றர் நீர் பீலிக்குள் இறங்கும். பத்து லீற்றர் வாளி ஒன்று ஏழு விநாடியில் நிரம்பிவிடும் வேகம் அது. இவ்வளவு நீரும் கையகலமுள்ள ஒரு தொட்டியில் ஓடி, கைக்குள் அடங்கும் ஒரு குழாய் வழியே கீழிறங்கவேண்டும். குழாயின் வாயில் ஒரு பலாவிலை படிந்தாலும் போதும். மிகுதியை ஊகித்துக் கொள்ளலாம்.

அடைபட்ட பீலி முதலில் வீட்டையே தாக்கும். நிரம்பிய நீர் முன்விளிம்பால் வழியுமாயின் நிலத்தைக் குழியாக்கி அத்திவாரத்தின் ஓரத்தில் தேங்கும். பின்விளிம்பால் வழியுமாயின் வலன்ஸ் பலகையும் கைமரங்களின் நுனியும் நனைந்து உக்கும். ஈரங்கண்ட மரத்தைக் கறையான் தேடி வரும். உக்கிய பலகையில் ஆணி நில்லாது. ஆணி நில்லாத இடத்தில் பீலி தொய்யும். தொய்ந்த பீலியில் இன்னும் நீர் தேங்கும். இவ்வாறு ஒரு கேடு மற்றொன்றைப் பிறப்பித்துக்கொண்டே செல்லும்.

இதனிலும் பெரிது நுளம்பின் கதை. 2007ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் பீலியின் இக்கட்டான நிலை விளங்கும். அவற்றுள் ஒன்று, நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்தி, மழைநீர் சேகரிப்பைக் கட்டட ஒழுங்குகளுக்குள் கொண்டுவந்தது. மற்றொன்று நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம். வளவில் நுளம்பு பெருகத்தக்கவாறு நீர் தேங்கவிடுவதைக் குற்றமாக்கியது. கூரைநீரைப் பிடித்துவை என்கின்றது ஒன்று; நீர் தேங்க இடங்கொடாதே என்கின்றது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் இடையில், இறவாரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது பீலி.

டெங்கு இந்நாட்டுக்குப் புதியதன்று. 1962இல் இரத்தப் பரிசோதனை மூலம் உறுதிசெய்யப்பட்ட இந்நோய், 1989இன் பின்னர் அடிக்கடி கொள்ளைநோயாகத் தலைதூக்கியது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பீலிதான் இதற்கெல்லாம் காரணம் என்று கூறுவது மிகை. எறியப்பட்ட பாத்திரங்கள், பழைய ரயர்கள், மூடாத சீமெந்துத் தொட்டிகள், பூச்சாடித் தட்டுகள் முதலியனவும் நுளம்புக்கு உறைவிடங்களே. ஆயின் அவை யாவும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் உள்ளவை. வீட்டுக்காரரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குனிந்து பார்த்தால் தெரியும். பீலியோ தலைக்கு மேலே உள்ளது. அவுஸ்திரேலியாவின் வடகுயின்ஸ்லாந்தில் டெங்குவைப் பரப்பும் நுளம்புக்குக் கூரைப் பீலி முக்கியமான பெருகிடம் என்பதை 2002இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. சிங்கப்பூர் அரசு இதே காரணத்தை முன்னிட்டுப் புதுக் கட்டடங்களில் கூரைப் பீலி வைப்பதையே கட்டுப்படுத்தியுள்ளது.

பீலி மூடி இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றது. இதன் வடிவங்கள் பல. பெருங்கண் வலை, துளையிட்ட அலுமினியத் தகடு, சல்லடைபோன்ற நுண்வலை என்பன பீலியின் வாய்மேல் படிபவை. பீலிக்குள்ளேயே வைக்கப்படும் நுரைத்துண்டும், போத்தல் கழுவும் தூரிகையைப் பெரிதாக்கினாற் போன்ற மயிர்த்தூரிகையும் உண்டு. இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும் இந்நாட்டுக்குப் பொருந்தா என்று தயங்காமற் சொல்லலாம். நுரை பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைக்கும்; காகமும் குயிலும் இட்ட எச்சத்திலுள்ள ஆலம்வித்தும் அரசம்வித்தும் முளைப்பதற்கு அதனிலும் சிறந்த நாற்றுமேடை கிடையாது. தூரிகையின் மயிர்களிலோ இலைகள் சிக்கித் தொங்கி, நாளடைவில் உக்கிக் குப்பையாகும்.

இவையன்றி, பீலியை முழுதும் மூடி முன்விளிம்பில் மட்டும் ஒடுங்கிய வாய்விட்ட வளைதகடு ஒன்று உண்டு. நீர் தகட்டின் வளைவைத் தழுவித் திரும்பிப் பீலிக்குள் இறங்கும்; இலை மட்டும் நேரே வெளியே விழும் என்பது அதன் தத்துவம். தேநீர்க் கேத்தலை மெல்லச் சாய்த்தால் நீர் மூக்கின் அடிப்புறத்தைத் தழுவி ஒழுகி மேசையை நனைப்பதை யாவரும் கண்டிருப்பர். அதே இயல்பை இங்கே பயன்படுத்தியுள்ளனர். ஆனால் கேத்தலை விரைந்து சாய்த்தால் நீர் மூக்கைத் தழுவாது, தெறித்து முன்னே பாயும் என்பதும் அவர்கள் கண்டதே. சிறுதூறலுக்கு அத்தகடு ஏற்றது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது என்ன செய்யும் என்பதைக் கேத்தலே சொல்லிவிடுகின்றது.

இம்மூடிகள் தோன்றிய நாடுகளின் பருவநிலையையும் நினைவிற் கொள்ளவேண்டும். வட அமெரிக்காவில் மேப்பிள், ஓக் முதலிய மரங்கள் இலையுதிர்காலத்தில், சில கிழமைகளுக்குள், அகன்ற இலைகளை ஒருமிக்கக் கொட்டிவிடும். ஆண்டில் இரு தடவை பீலியைத் துப்புரவாக்குவது அங்கே வழக்கம். அவ்விலைகளைத் தடுப்பதற்குப் பெருங்கண் வலையே போதும். அங்கேயும் பனி உறைந்து மூடியின் மேல் கட்டிபடும் தொல்லை உண்டு என்பதை ரொறன்ரோவிற் குடியேறிய யாழ்ப்பாணத்தார் அறிவர். அவுஸ்திரேலியாவில் காட்டுத்தீ பரவும்போது காற்றில் பறந்துவரும் தணற்பொறி பீலியிலுள்ள காய்ந்த சருகைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் தீ அபாயமுள்ள இடங்களில் மூடி வைப்பதாயின் அது எரியாத பொருளாலானதாக இருக்கவேண்டும் என்று அங்குள்ள கட்டட நியமம் விதிக்கின்றது. இவ்விரு கவலைகளும் இங்கில்லை.

இங்குள்ள கவலை வேறு. இலங்கையில் மரங்கள் ஆண்டு முழுவதும் எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கும். அகன்ற இலைகளுடைய பலா, ஈரப்பலா, தேக்கு முதலியன வளவில் நிற்குமாயின் எந்த வலையும் அவற்றைத் தடுத்துவிடும். காய்ந்தபின் காற்று அவற்றைத் தள்ளிச் செல்லும். மாவிலையும் அவ்வாறே. ஆயின் மாம்பூ உதிரும் காலத்தில் பொடிபோன்ற பூ வலைக்கண்ணிற் படிந்து, பனியீரத்தில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். தென்னையின் ஆண்பூ, நெல்மணியிலும் சற்றுப் பெரியது. பெருங்கண் வலையூடாக இலகுவில் உள்ளே விழும். முருங்கை, புளி என்பவற்றின் சிற்றிலைகள் தகட்டின் துளைகளில் முத்திரை குத்தினாற்போற் படிந்துவிடும். வேம்பின் செய்தியும் ஏறக்குறைய அதுவே: இலை முழுதாக வந்தால் வலை தடுக்கும், சிற்றிலைகளாகப் பிரிந்து வந்தால் ஒன்று உள்ளே போகும், அன்றேல் கண்ணை அடைக்கும். கடற்கரை ஊர்களிலுள்ள சவுக்கு மரமோ எல்லாவற்றிலும் கொடியது. அதன் ஊசியிலைகள் வலைக்கண்களில் செங்குத்தாகக் குத்திநின்று, ஒன்றையொன்று பற்றி, பாயாகப் படர்ந்துவிடும். கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவதன்றி வேறு வழியில்லை. ஆகவே மூடி வாங்குவதற்கு முன்னர்க் கடைக்காரரைக் கேட்பதிலும், கூரைக்கு மேலே நிற்கும் மரம் எது என்று அண்ணாந்து பார்ப்பது பயன்தரும்.

வலைக்கண் சிறிதாகச் சிறிதாகக் குப்பை உள்ளே புகாது என்பது உண்மை. அதே வேளையில் நீரும் தயங்கும். நுண்ணிய துளையில் நீர் படலமாகப் படிந்து நிற்கும் இயல்புடையது. அதன்மேல் தூசியும், வீதியோர வீடாயின் வாகனப் புகையின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தால், வலை ஏறக்குறைய ஓடுபோலவே ஆகிவிடும். கூரையிலிருந்து விரைந்து வரும் நீர் அதன்மேல் வழுக்கி, பீலியைக் கடந்து முற்றத்தில் விழும். இரு சரிவுகள் கூடும் கூரைமூலையில் இது மிகுதி. அங்கே இரு புறத்து நீரும் ஒன்றாகத் திரண்டு வருவதால், புதிய வலையும் சில வேளைகளில் தோற்றுவிடும். பெருமழையில் பீலியை மீறி நீர் கொட்டுவதைக் கண்ட வீட்டுக்காரர் பீலி அடைபட்டுவிட்டது என்று எண்ணி ஏறிப் பார்ப்பர். உள்ளே பீலி வெறுமையாக இருக்கும்.

இவ்வளவு குறை கூறியதால் மூடியால் நன்மையே இல்லை என்று கொள்ளலாகாது. ஏணி வைத்துப் பீலி துப்புரவாக்குவது பார்வைக்கு எளிது, உண்மையில் ஆபத்தானது. ஈரமண்ணில் ஏணியின் கால் புதையும். ஒரு கையாற் பலகையைப் பற்றி மறுகையாற் குப்பையை அள்ளுபவர் எட்டாத இடத்துக்கு எட்ட முயன்று விழுவர். இறவாரத்தின் கீழாக மின்கம்பி வீட்டுக்குள் செல்லும் இடத்தில் அலுமினிய ஏணியைச் சாய்ப்பது இன்னும் கொடிய ஆபத்து. முதியோர் மட்டும் வாழும் வீடுகள் இன்று வடக்கில் ஏராளம். பிள்ளைகள் கடல்கடந்து இருப்பர். அத்தகைய வீட்டில், மாதம் ஒருமுறை ஏறவேண்டிய தேவையை ஆண்டில் இரண்டு மூன்று முறையாகக் குறைத்துவிட முடியுமானால் அதுவே பெரிய நன்மை. காகம் சுள்ளியும் எலும்பும் கொண்டுவந்து போடுவதும், அணில் கூடுகட்டுவதும் மூடியால் நின்றுவிடும். இறங்குகுழாயின் நடுவில் குப்பை இறுகி அடைத்துவிட்டால் குழாயையே கழற்றவேண்டிவரும், அத்தொல்லையும் குறையும். இவை யாவும் மெய்யான நயங்கள். "குறையும்" என்ற சொல்லே இவற்றுக்குப் பொருந்தும். "ஒழியும்" என்று விற்பவர் சொன்னால் நம்பவேண்டியதில்லை.

இனி நுளம்பு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் வகை நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நனைந்தவுடன் பொரிக்கும். சித்திரை மழையில் இட்ட முட்டை ஐப்பசி மழைக்குக் காத்திருக்கவும் கூடும். பொரித்த குடம்பி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக வெளிவர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் செல்லும். அதற்கு வேண்டிய நீர் சில கரண்டியளவே. அந்நீர் நிழலில் இருக்கவேண்டும், விரைந்து வற்றலாகாது, அதில் இலை ஊறி நுண்ணுயிர்கள் பெருகியிருந்தால் குடம்பிக்கு உணவும் கிடைக்கும்.

மூடியிட்ட பீலியை இக்கண்கொண்டு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நீர் நன்கு வடிந்தோடும் பீலியில் மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நுளம்பு பெருகாது. நீர் தேங்கும் பீலியில் மூடி வைத்தால், வெயில் படாமல், காற்று வீசாமல், நீர் வற்றாமல் அது காத்துக்கொடுக்கும். திறந்த பீலியில் இரண்டு நாள் வெயிலில் வற்றிவிடக்கூடிய நீர், மூடியின் கீழ் ஒரு கிழமைக்கும் மேலாக நிற்கும். வலையினூடே கசிந்த பொடிக்குப்பை அதில் ஊறிக்கொண்டிருக்கும். அப்படியாயின் நுளம்பு வலையினூடே புகாதே என்று கேட்கலாம். கண் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத நுண்வலை நுளம்பைத் தடுக்கும் என்பது உண்மை. இலைக்கென்று விற்கப்படும் பெரும்பாலான வலைகளின் கண் அதனிலும் பெரிது. நுண்வலையாக இருந்தாலும், அலையலையான ஓட்டு விளிம்புக்கும் வலைக்கும் இடையில், ஒவ்வோர் அலையின் கீழும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பீலியின் இரு முனைகளும், துண்டுகள் பொருந்தும் மூட்டுகளும் வேறு. நுளம்புக்கு வாசல் ஒன்று போதும். எல்லாவற்றிலும் மோசமானது, மூடி இருப்பதால் பீலியினுள்ளே நடப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது என்பது. இலை தெரியாததால் பீலி சுத்தமாக இருக்கின்றது என்ற மனநிறைவோடு வீட்டுக்காரர் இருந்துவிடுவர்.

ஆகவே முதற்கேள்வி மூடியைப் பற்றியதன்று. பீலியின் சரிவைப் பற்றியது. ஒரு மீற்றர் நீளத்துக்கு 5 மில்லிமீற்றர் வீதம் இறக்கம் இருந்தால் நீர் தங்காது ஓடும். பத்து மீற்றர் நீளமான பீலியில் இரு முனைகளுக்கும் இடையில் 5 சென்ரிமீற்றர் உயர வேறுபாடு. முகப்பிலிருந்து பார்க்கும்போது பீலி சாய்ந்து தோன்றுகின்றதே என்று கருதி, சிலர் மேசனாரிடம் சொல்லி அதை மட்டமாகப் பொருத்துவிப்பர். அந்த அழகுக்கு விலை மழைதோறும் தேங்கும் நீர். பிளாஸ்ரிக் பீலியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆறு மீற்றர் நீளமான துண்டு, காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் 20 பாகை வெப்பம் ஏறினால், 7 அல்லது 8 மில்லிமீற்றர் வரை நீளும். தாங்கிகள் தூரதூரமாக இருந்தால் இளகிய பிளாஸ்ரிக் இடையிடையே தொய்யும். தட்டையான அடியுடைய பீலி, இரண்டு மீற்றர் தூரத்துக்கு நடுவில் ஒரு சென்ரிமீற்றர் தொய்ந்தாலே, ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் அங்கே தேங்கும். மேலே மூடியும் அதன்மேல் ஈரச்சருகும் ஏறினால் பாரம் கூடித் தொய்வும் கூடும். தாங்கிகளை மீற்றருக்கு ஒன்றுக்குக் குறையாமல் நெருக்கி வைத்தலும், தொய்ந்தவற்றை நிமிர்த்தலும் மூடி வாங்குவதிலும் செலவு குறைந்த வேலைகள்.

கூரைநீரைக் குடிநீராகச் சேமிப்போர் நிலை சற்று வேறானது. நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவுகளில் கிணற்றுநீர் உவர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகள் பலவற்றில் உரத்தின் நைத்திரேற்று கலந்துள்ளது. வவுனியா, அநுராதபுரம் பகுதிகளில் சிறுநீரக நோய் பரவியதன் பின்னர் மழைநீர்த் தொட்டிகள் பல அமைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி புரட்டாசியின் பிற்கூறு தொடங்கி மார்கழி வரையிலேயே பெய்துவிடுவதால், அந்த மூன்று மாதத்திலும் பீலி அடைபடாதிருத்தல் அவசியம். ஒரு மழையை இழந்தால் அது கோடையில் சில நாட்களின் குடிநீர். இத்தகைய வீட்டில் வலைமூடிக்கு உரிய இடம் உண்டு. ஆயினும் வலை இலையைத்தான் தடுக்கும். வலைமேல் ஊறிய சருகின் சாயமும், பறவை எச்சமும், கூரைத்தூசியும் மழையிற் கரைந்து அதனூடே இறங்கும். தேயிலை வடி தேயிலைத் தூளைப் பிடித்துக்கொண்டு சாயத்தை விட்டுவிடுவது போன்றதே இது. ஆகவே முதல்மழையின் நீரைத் தொட்டிக்குள் விடாது வேறாகக் கழித்துவிடும் குழாய் அமைப்பு இன்றியமையாதது. கூரையின் ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது அரை லீற்றர் என்று கணக்கிட்டால், 50 சதுர மீற்றருக்கு 25 லீற்றரைக் கழிக்கவேண்டும். தொட்டியின் நுழைவாயிலிலும் மிகைநீர்க் குழாயிலும் ஒரு மில்லிமீற்றர் கண்ணுக்கு மேற்படாத வலை கட்டாயம். பணம் ஒன்றுக்கே உண்டு என்றால், பீலி முழுவதற்கும் மூடி போடுவதை விடுத்து இவ்விரண்டையும் செய்துகொள்வதே மேல்.

மூடி வாங்குவது என்று முடிவுசெய்தோர் கவனிக்கவேண்டிய சில உண்டு. மலிவான பிளாஸ்ரிக் வலை வெயிலில் சில ஆண்டுகளுக்குள் நொறுங்கி, அதன் துண்டுகளே குழாயை அடைக்கும். கடற்கரை ஊர்களில் இரும்பு வலை நிலைக்காது; துருப்பிடியாத உருக்கு நீடிக்கும். ஆனால் அதை நாகமுலாம் பூசிய தகரப் பீலியின் மேல் நேரே படியவைத்தால், இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள ஈரத்தால் தகரம் விரைவில் அரிக்கும். தகரப் பீலிக்கு அலுமினியமும் பிளாஸ்ரிக் பீலிக்குத் துருப்பிடியாத உருக்கும் பொருத்தம். ஓட்டின் கீழ் மூடியைச் செருகுமாறு கூறுவோரும் உளர்; ஓடு உயர்ந்து மழைச்சாரல் உள்ளே புக அது வழிசெய்யும். மூடியைத் திருகாணியால் இறுக்கிவிடுதலும் ஆகாது. ஒருவர் ஏணியில் நின்றவாறே, கருவி எதுவுமின்றி, ஒரு துண்டைக் கழற்றி உள்ளே பார்த்து மீண்டும் பொருத்தத்தக்க கொக்கி உடையதாக அது இருக்கவேண்டும். கழற்ற முடியாத மூடியை இனாமாகத் தந்தாலும் மறுத்துவிடலாம்.

வீட்டைச் சுற்றிப் பீலி வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நீரைச் சேமிக்கும் எண்ணம் இல்லாத வீட்டில், வளவு விசாலமாகவும் இறவாரம் இரண்டடிக்குக் குறையாமல் நீண்டும் இருந்தால், பீலியைக் கழற்றிவிட்டு, நீர் விழும் கோட்டின் நெடுகச் சல்லிக்கல் பரவிய ஆழமற்ற வாய்க்கால் ஒன்றை அமைத்துவிடலாம். பழைய நாற்சார் வீட்டார் செய்தது ஏறக்குறைய அதுவே. வாசற்படிக்கு மேலே மட்டும் சிறு துண்டுப் பீலி இருந்தால் போதும். பீலியே இல்லாத இறவாரத்தில் மூடி பற்றிய கவலையும் நுளம்பு பற்றிய கவலையும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. கடைக்காரருக்குத்தான் இதனால் ஆதாயம் இல்லை. நெருங்கிய நகர வளவில் இது இயலாது. அங்கே பீலி வேண்டும், சரிவு வேண்டும், மரம் மேலே கவிந்திருந்தால் மூடியும் உதவும்.

மூடி பொருத்துவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய சோதனை எளியது. மழை இல்லாத நாளொன்றில் பீலியை முற்றாகக் கழுவி, மேல்முனையில் ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றி, அரைமணி கழித்து ஏறிப் பார்க்கவேண்டும். எங்கேனும் நீர் மின்னுமாயின் அந்த இடத்தில் ஒரு தாங்கியைக் கூட்டி, மறுபடி ஊற்றிப் பார்க்கவேண்டும். நீர் முற்றாக ஓடிய பின்னரே மூடி. பிறகும் புரட்டாசி பிறக்குமுன் ஒரு தடவையும், மாரி நடுவே ஒரு தடவையும், மாம்பூ உதிர்ந்து ஓய்ந்தபின் ஒரு தடவையும் மூடியின் மேற்புறத்தைத் துடைத்து, இறங்குகுழாய்க்கு நேர்மேலுள்ள துண்டையும் பீலியின் நடுத்துண்டையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மழை விட்டு இரண்டு நாளாகியும் இறங்குகுழாயின் அடிவாய் சொட்டிக்கொண்டிருக்குமாயின், உள்ளே எங்கோ நீர் நிற்கின்றது. அன்றே ஏணியை எடுக்கவேண்டும், கீழே ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும்.